துருவும் தளிரும்

ஒரு தொழிற்சாலை மூடப்பட்டால், அது நின்ற நிலத்திற்கு என்ன நேர வேண்டும்? இவ்வினாவைப் பொருளியல் அறிஞர் ஒருவகையாகக் கேட்பார். சட்டம் அறிந்தவர் வேறுவகையாகக் கேட்பார். நிலத்தை விலைபேச வந்தவர் மற்றொருவகையாகக் கேட்பார். அங்கே முப்பது ஆண்டுகள் வியர்வை சிந்திய தொழிலாளியை அழைத்து, "உன் கருத்து யாது?" என்று கேட்பார் மிகச் சிலரே. கேட்கப்படாத அந்தக் குரலையும் எண்ணிப் பார்த்து ஒரு நிலத்தைத் திருத்தி அமைக்க முடியுமா என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தமிழ் பயில்வோர்க்கு நிலம் என்பது வெறும் மண்ணன்று. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என நிலத்தையும் அதில் வாழ்வனவற்றையும் மாந்தர் உணர்வையும் ஒருசேர வைத்துப் பார்த்தது நம் இலக்கணம். கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, யாழ் ஆகியவற்றோடு தொழிலையும் ஒன்றாகத் தொல்காப்பியர் வைத்திருப்பது என் சிந்தையை நெடுநாள் ஈர்த்த செய்தி. மரமும் பறவையும் ஒரு நிலத்துக்கு உரியன போலவே தொழிலும் அந்நிலத்துக்கு உரியது. அப்படியாயின், தொழில் நீங்கிய நிலம் எந்தத் திணையைச் சாரும்? வகுப்பறையில் ஒருமுறை இவ்வாறு கேட்டு, விடை சொல்லாமலே பாடத்தை முடித்திருக்கிறேன். விடைக்கு அருகில் என்னைக் கொண்டு சேர்த்தது, 2019 ஆம் ஆண்டுக் கோடையில் செருமனி நாட்டின் டூயிஸ்பர்க் நகரில் நான் கண்ட ஒரு பூங்கா.

என் பழைய மாணவர் ஒருவர் அந்நாட்டில் பொறியாளராகப் பணிபுரிகிறார். "ஐயா, கோட்டைகளும் அருங்காட்சியகங்களும் எல்லாரும் பார்ப்பவை. நான் உங்களை ஒரு பழைய இரும்பாலைக்கு அழைத்துச் செல்கிறேன்" என்றார். விருந்தினனைத் துருப்பிடித்த ஆலைக்கு அழைத்துச் செல்லும் மாணவரை என்னவென்று சொல்வது! ஆயினும் அவர் குணம் அறிந்தவனாதலின் மறுக்காமல் புறப்பட்டேன்.

ரூர் என்பது மேற்குச் செருமனியின் நிலக்கரி நிலம். ரூர் ஆறு ரைன் பேராற்றோடு கலக்கும் இடத்தில் டூயிஸ்பர்க் நகரம் அமைந்துள்ளது. அதன் வடபால் மைடரிஷ் என்னும் பகுதியில், அகஸ்டு தைசன் என்னும் பெருந்தொழிலதிபர் 1901 ஆம் ஆண்டு ஓர் இரும்பாலைக்கு அடிகோலினார். நிலக்கரிச் சுரங்கம் அருகிலேயே இருந்தது. தாது கடல் கடந்தும் வந்தது. காலப்போக்கில் ஐந்து ஊதுலைகள் அங்கே எழுந்தன. ஊதுலை என்பது கோபுரம் போன்ற உயர்ந்த உலை. அதன் வாயிலே இரும்புத் தாதும் கல்கரியும் சுண்ணாம்புக் கல்லும் கொட்டப்படும். அடியிலிருந்து வெப்பக் காற்று ஊதப்படும். உருகிய இரும்பு அடியில் இறங்க, அதன்மேல் கசடு மிதக்கும். ஏறத்தாழ எண்பத்து நான்கு ஆண்டுகளில் அவ்வாலை 3 கோடியே 70 லட்சம் டன் இரும்பை உருக்கித் தந்தது. வாங்குவோர் கேட்ட கலவையில் கேட்ட வகை இரும்பை அளந்து கொடுத்தமையால், 'ரூர் நிலத்தின் மருந்துக்கடை' என்று அதற்கு ஒரு செல்லப்பெயரும் இருந்ததாம்.

ஐந்தாவது ஊதுலை 1973 இல் தான் இயங்கத் தொடங்கியது. பன்னிரண்டே ஆண்டுகளில், 1985 ஏப்ரல் திங்களில், ஆலை முழுவதும் நின்றுபோயிற்று. ஐரோப்பாவில் தேவைக்கு மிஞ்சி இரும்பு உருக்கப்பட்டது. உற்பத்திக்கு வரம்பு விதிக்கப்பட்டது. யாரோ எங்கோ போட்ட கணக்கில் மைடரிஷ் ஆலை கழிக்கப்பட்ட எண்ணாயிற்று. உலை அணைந்தது, வேலை போயிற்று, 445 ஏக்கர் அளவிலான நிலம் துருவும் நச்சுமண்ணும் பாழ்ச்சுவருமாய் நின்றது.

இடித்துத் தள்ளிவிடலாம் என்பது எளிய வழி. ஆனால் இடிப்பதற்கும் பெரும்பொருள் வேண்டும். அதைவிட முதன்மையாக, 'இதனை இடிக்கலாகாது' என்று அவ்வூர் மக்களே எழுந்து கூறினர். அந்நேரம் அம்மாநில அரசு 1989 முதல் 1999 வரை பத்தாண்டுத் திட்டம் ஒன்றை மேற்கொண்டிருந்தது. எம்ஷர் என்னும் சிற்றாற்றின் கரையில் நைந்து கிடந்த தொழில் நகரங்கள் பதினேழினையும் புதுப்பிப்பது அதன் நோக்கம். அத்திட்டத்தின்கீழ் ஐந்து குழுவினர் இவ்வாலை நிலத்துக்கு வரைவுகள் அளித்தனர். தெரிவு செய்யப்பட்டது பீட்டர் லாட்ஸ் என்னும் நிலவடிவமைப்பாளரின் வரைவு. 1994 ஆம் ஆண்டு பூங்கா மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

அவர் என்ன செய்தார் என்பதைவிட, எதைச் செய்யாமல் விட்டார் என்பதிலேயே அவர்தம் கலை விளங்குகிறது. பூங்கா என்றவுடன் நம் மனக்கண்ணில் தோன்றுவன புல்வெளி, நீரூற்று, வரிசை மரங்கள். பழைய உருவத்தை அழித்துச் சமன்செய்து, அதன்மேல் இவற்றைப் பரப்புவதே வழக்கம். லாட்ஸ் அழிக்கவில்லை; மறைக்கவும் இல்லை. நிலத்தின் மேல் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்த வரிகளைப் படித்தார். இருப்புப்பாதை ஒரு வரி. கால்வாய் ஒரு வரி. தாதுக்கிடங்குகளின் தடித்த சுவர்கள் ஒரு வரி. நகரத் தெருக்களோடு இணையும் நடைபாதைகள் ஒரு வரி. இவை ஒவ்வொன்றையும் தனித்தனி அடுக்காகக் கொண்டு, அவை சந்திக்கும் இடங்களில் மட்டும் ஒரு படிக்கட்டு, ஒரு பாலம், ஒரு தோட்டம் என்று இணைத்தார். ஓலைச்சுவடியைப் பதிப்பிக்கும் நல்லாசிரியர், சிதைந்த இடத்தில் தம் சொல்லைப் புகுத்தி மூலத்தை மறைக்கமாட்டார். படிக்க இயலுமாறு பிரித்துக் காட்டுவார். அப்பணி போன்றதே இதுவும் என்று எனக்குத் தோன்றிற்று.

தாதுக்கிடங்குகளைப் பாருங்கள். வானம் நோக்கித் திறந்த, தடித்த கற்காரைச் சுவர்கள் கொண்ட பெரும் அறைகள் அவை. கதவே இல்லாத அச்சுவர்களை வைரவாளால் அறுத்து வாயில்கள் அமைத்துள்ளனர். உள்ளே நுழைந்தால், ஓர் அறையில் செடிகள் வரிவரியாக நிற்கின்றன. மற்றோர் அறையில் பெரணிகள் நிழலில் தழைக்கின்றன. மேலே அமைந்த நடைபாலத்திலிருந்து குனிந்து பார்த்தால், கிணற்றின் அடியில் தோட்டம் இருப்பதுபோல் தோன்றும். அடுத்த கிடங்கின் சுவர்களில் இளைஞர்கள் கயிறு கட்டி ஏறுகிறார்கள். மலையில்லாத சமவெளியில் வாழ்வோர்க்கு அதுவே மலை! மலையேறுவோர் சங்கத்தின் அவ்வூர்க் கிளையினரே அதனைப் பேணுகின்றனர்.

வாயுவைச் சேமித்த பெருந்தொட்டி ஒன்று உண்டு. அதன் விட்டம் 45 மீட்டர். இன்று அதில் சுமார் 2 கோடி லிட்டர் நீர் நிரப்பி, 13 மீட்டர் ஆழத்தில் முக்குளிக்கக் கற்றுத் தருகிறார்கள். ஆலையின் நடுவே ஒரு சதுக்கம். வார்ப்புக் குழிகளை மூடக் கிடந்த 49 இரும்புத் தகடுகளை எடுத்து, ஏழுக்கு ஏழு என்று சதுரங்க மனைபோல் பரப்பி அச்சதுக்கத்தை அமைத்துள்ளனர். ஒவ்வொரு தகடும் ஏழெட்டு டன் எடை கொண்டது. உருகிய இரும்பின் சூட்டைத் தாங்கித் தாங்கி அவற்றின் முகம் அம்மைத் தழும்பு கொண்டதுபோல் இருக்கிறது. அதனை மெருகிடவில்லை, அப்படியே விட்டிருக்கிறார்கள். மழையில் அது இன்னும் துருவேறும், இன்னும் தேயும். தேய்வதையும் அழகின் பகுதியாகவே வடிவமைப்பாளர் ஏற்றுக்கொண்டார்.

ஐந்தாம் ஊதுலையின் உச்சிக்குப் படிகளில் ஏறினோம். ஏறத்தாழ 70 மீட்டர் உயரம். என் வயதுக்கு அது எளிதன்று, மாணவர் இருமுறை நின்று, "ஐயா, இறங்கிவிடலாமா?" என்றார். "ஏறியதை வீணாக்க வேண்டா, தம்பி" என்றேன். மேலே நின்று பார்த்தபோது, தூரத்தில் இன்னும் புகை எழுந்த வேறு ஆலைகள் தெரிந்தன. கீழே பசுமையினூடே துருநிறக் குழாய்கள் ஓடின. நுழைவுக் கட்டணம் கிடையாது. இரவும் பகலும் வாயில் திறந்தே இருக்கும்.

அழகைக் கண்டு மயங்கும்போது அடியில் உள்ளதை மறந்துவிடலாகாது. எண்பது ஆண்டு உருக்குத் தொழில் அம்மண்ணில் கன உலோகங்களையும் தார்வகை நஞ்சுகளையும் விட்டுச் சென்றிருந்தது. அனைத்தையும் அள்ளி வேறோர் இடத்தில் கொட்டுவது நஞ்சை இடம் மாற்றுவதேயன்றி நீக்குவதாகாது. எனவே நச்சின் அளவுக்கேற்ப வழி வகுத்தனர். மிகவும் கெட்டுப்போன இடிபாடுகளைக் கிடங்குகளுக்குள்ளேயே இட்டு மேலே மூடி அடைத்தனர். குறைந்த அளவு நஞ்சுள்ள நிலத்தைச் செடிகொடிகளின் பொறுப்பிலும் காலத்தின் பொறுப்பிலும் விட்டனர். ஒரு தலைமுறை கெடுத்ததை ஒரு நாளில் திருத்தியதாகப் பாவனை செய்யாத அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

நீரின் கதை இன்னும் நெடியது. நிலக்கரி தோண்டத் தோண்ட ரூர் நிலம் ஆங்காங்கே உள்ளிறங்கியது. மண்ணுக்கடியில் சாக்கடைக் குழாய் புதைத்தால் உடைந்துவிடும். ஆதலால் எம்ஷர் ஆற்றையும் அதன் கிளைகளையுமே கற்காரைக் கால்வாய்களாக்கித் திறந்த சாக்கடையாக ஓடவிட்டனர். அவ்வாற்றின் பழைய கிளையொன்று இவ்வாலையின் ஊடாகவும் நாறிக்கொண்டு ஓடிற்று. பூங்கா அமைத்தோர் கழிவுநீரை 3.5 மீட்டர் விட்டமுள்ள குழாயில் அடியிலே செலுத்தினர். மேலே இருந்த கால்வாயில் கூரைகளிலும் தளங்களிலும் விழும் மழைநீரை மட்டும் சேர்த்தனர். பழைய கோபுரம் ஒன்றின்மேல் அமைந்த காற்றாலை அந்நீரை மேலேற்றித் தோட்டங்களுக்குத் தருகிறது. பெரிய எம்ஷர் ஆற்றைத் திருத்தும் பணி 1992 இல் தொடங்கி முப்பது ஆண்டுகள் நடந்தது. 51 கிலோமீட்டர் நீளத்திற்குக் கழிவுநீர்ச் சுரங்கம் தோண்டப்பட்டது. 2021 ஆம் ஆண்டின் இறுதியில்தான் அவ்வாறு கழிவுநீர் கலவாத ஆறாயிற்று. ஆற்றைக் கெடுக்க ஒரு நூற்றாண்டு; மீட்க ஒரு தலைமுறை. இக்கணக்கை மாணவர்கள் மனத்தில் கொள்வது நன்று.

செடிகொடிகளின் செய்தி வியப்புக்குரியது. கசடுக் குவியலில் பிர்ச் மரங்கள் தாமாகவே முளைத்து நிற்கின்றன. கடல் கடந்து வந்த தாதுவோடு அயல்நாட்டு விதைகளும் ஒட்டிக்கொண்டு வந்தன; தென்னாப்பிரிக்காவில் பூக்கும் மஞ்சள் மலர் இங்கே தண்டவாளத்தின் ஓரத்தில் பூக்கிறது. 700 க்கும் மேற்பட்ட தாவர வகைகள் அப்பூங்காவில் கணக்கிடப்பட்டுள்ளன. அயலிலிருந்து வந்து, வேண்டாத மண்ணில் வேரூன்றி, அந்நிலத்தின் முகத்தையே மாற்றியவை அவை.

அவ்வாறு வந்தவை செடிகள் மட்டுமல்ல. 1961 அக்டோபரில் செருமனியும் துருக்கியும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்வழி வந்த துருக்கித் தொழிலாளர் பலர் ரூர் நிலத்தின் சுரங்கங்களிலும் உருக்காலைகளிலும் உழைத்தனர். விருந்தினர் என்னும் பொருள்தரும் பெயரால் அழைக்கப்பட்டவர்கள் அங்கேயே குடும்பம் அமைத்தனர். டூயிஸ்பர்க்கின் மார்க்ஸ்லோ பகுதியில் 2008 இல் திறக்கப்பட்ட பெரிய பள்ளிவாசல் அவர்கள் வேரூன்றியதற்குச் சான்றாக நிற்கிறது.

அன்று பிற்பகல், கிடங்குச் சுவரருகே ஒரு கல்லிருக்கையில் பெரியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். அவர்தம் பேத்தி கயிற்றைப் பற்றிச் சுவரில் ஏறிக்கொண்டிருந்தாள். மாணவர் சலாம் கூற, அவர் முகம் மலர்ந்து மறுமொழி கூறி, எங்களுக்கு இடம் ஒதுக்கித் தந்தார். 1971 இல் அனத்தோலியாவின் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்தவர். உருக்கிய இரும்பு இறங்கும் களத்தில் உழைத்தவர். மாணவரின் மொழிபெயர்ப்பின் வழியே நான் கேட்டேன்: "நீங்கள் உழைத்த இடத்தில் இப்போது பிள்ளைகள் விளையாடுகிறார்கள். இது உங்களுக்கு மகிழ்ச்சியா, வருத்தமா?"

அவர் உடனே விடை கூறவில்லை. பேத்தியை நோக்கி ஏதோ எச்சரித்துவிட்டுப் பின் சொன்னார்: "சில இரவுகளில் இங்கே விளக்குப் போடுகிறார்கள். பச்சை, நீலம், சிவப்பு. வருகிறவர்கள் அழகு என்கிறார்கள், அழகுதான். எங்கள் காலத்தில் ஒரே நிறம்தான். இரவில் வானம் சிவந்தால் உலை திறந்திருக்கிறது என்று பொருள். எங்கள் பிள்ளைகளுக்கு ரொட்டி உண்டு என்று பொருள்." சற்று நின்று, "பனி பெய்யும் மாதத்திலும் எங்கள் முதுகு வியர்த்திருக்கும். அதை இவர்கள் எப்படிக் காட்டுவார்கள்?" என்றார். அந்த வண்ண விளக்கமைப்பு 1996 இல் ஜோனதன் பார்க் என்னும் ஆங்கிலக் கலைஞர் ஆக்கியது. அதனைப் புகழ்ந்து நான் படித்தவை பல. பெரியவரின் அந்த ஒரு வினாவை அவற்றில் எங்கும் கண்டதில்லை.

என் தந்தையார் நூற்பாலைத் தொழிலாளி. ஆலைச் சங்கின் ஒலியே எங்கள் வீட்டுக் கடிகாரம். அவ்வாலை மூடப்பட்டபின் ஓராண்டில் சுவர்கள் இடிக்கப்பட்டன, புகைபோக்கி விழுந்தது, நிலம் மனைகளாகப் பிரிக்கப்பட்டது. என் மகனுக்கு, "உன் பாட்டனார் இங்கேதான் உழைத்தார்" என்று காட்ட ஒரு செங்கல்லும் மிஞ்சவில்லை. தந்தையார் தம் இறுதி நாள்களில் அவ்வழியே செல்வதைத் தவிர்த்தார். வேலை போனதைத் தாங்கிக்கொண்டவர், வேலை நடந்த இடமே இல்லாமற் போனதைத் தாங்கவில்லை. ஆகவே அப்பெரியவர் தம் பேத்தியோடு அந்தக் கல்லில் அமர்ந்திருந்த காட்சி என் நெஞ்சைத் தொட்டது. அவர் கேட்ட வினாவுக்கு விடை இல்லாமல் இருக்கலாம். ஆனால் வினா எழுப்புவதற்கு அவருக்கு ஓர் இடம் இருந்தது.

எனினும் ஓர் ஐயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். பூங்கா எத்துணை அழகாயினும், உலைக்களத்தில் இருந்த வேலையை அது திருப்பித் தராது. வழிகாட்டியும் உணவகப் பணியாளரும் தோட்டக்காரரும் சிலர் பிழைக்கலாம். ஆலைத் தொழிலாளர் அனைவரும் பிழைக்க முடியாது. உழைப்பின் வடுவை உலா வருவோர் கண்ணுக்கு விருந்தாக்குவது முறையா என்று கேட்போரும் உளர். அவர்கள் கேள்வியில் நியாயம் உண்டு. அதற்கு நான் காணும் விடை ஒன்றே: மூடுவதா வேண்டாவா என்பது நிலவடிவமைப்பாளரின் கையில் இல்லை. மூடியபின் மறக்கச் செய்வதா, நினைக்கச் செய்வதா என்பதே அவர் கையில் உள்ளது. டூயிஸ்பர்க்கில் நினைக்கச் செய்யும் வழியைத் தேர்ந்தார்கள். ஆண்டுதோறும் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் அங்கே வருகிறார்கள்.

இவ்வழி அங்கு மட்டும் தோன்றியதன்று. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1906 முதல் 1956 வரை இயங்கிய எரிவாயு ஆலையை, ரிச்சர்டு ஹாக் என்பவர் கோபுரங்களோடு காத்துப் பூங்காவாக்கினார். 1975 இல் அது திறக்கப்பட்டது. ரூர் நிலத்திலேயே எஸ்சென் நகரின் சோல்ஃபரைன் நிலக்கரிச் சுரங்கம் 1986 இல் மூடப்பட்டு, 2001 இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோவால் ஏற்கப்பட்டது. கோயிலும் மசூதியும் அரண்மனையும் மட்டுமே வரலாறு என்றிருந்த உலகம், உலையும் சுரங்கமும் வரலாறே என்று மெல்ல ஒப்புக்கொண்டு வருகிறது.

இனி, தொழில் நீங்கிய நிலம் எத்திணை என்ற வினாவுக்கு வருவோம். தொழில் நீங்கினாலும் தொழிலின் நினைவு நீங்காதவரை அந்நிலம் பாலையாகாது என்பதே நான் கண்ட விடை. ஆனால் அந்நினைவில் ஒரு பகுதியைத்தான் இரும்பும் கற்காரையும் சுமக்க முடியும். உலையின் உயரத்தைச் சுவர் காட்டும். உலையின் சூட்டைச் சுவர் காட்டாது. பனிக்காலத்தில் வியர்த்த முதுகை எந்த நிலவடிவமைப்பாளராலும் காட்ட இயலாது. அதனைக் காட்ட வல்லது சொல் ஒன்றே. அச்சொல்லை உடையவர்களோ நாளுக்கு நாள் குறைந்து வருகிறார்கள்.

மாணவச் செல்வங்களே, இங்குதான் தமிழ்த்துறை மாணவர்க்கு வேலை இருக்கிறது. உங்கள் பாட்டனார் நெய்தவராக இருக்கலாம். தோல் பதனிட்டவராக இருக்கலாம். பீடி சுற்றியவராகவோ படகு கட்டியவராகவோ கடல் கடந்து கடை வைத்தவராகவோ இருக்கலாம். அவர் கைக்கருவி ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. அவர் வேலையின் ஒவ்வொரு படிக்கும் ஒரு சொல் உண்டு. அவற்றுள் பல எந்த அகராதியிலும் ஏறாதவை. ஒரு விடுமுறை நாளில் அவர் அருகே அமர்ந்து கேளுங்கள். கேட்டதைக் கேட்டவாறே எழுதி வையுங்கள். பெரியோர்களே, பிள்ளைகள் கேட்க வரும்போது, 'அது பழங்கதை' என்று தள்ளிவிடாதீர்கள். அவர்கள் எழுதி வைக்கும் ஏட்டில்தான் உங்கள் உழைப்புக்கு இடம் இருக்கிறது.